முள் நிற்கும் கோணம்

(அவனியாபுரத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வந்ததிலிருந்து எல்லாரும் மேசை மேல் இருக்கிற இந்த இசைத்தட்டு பிளேயரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாட்டு எப்போது போடுவார் என்று பின்னால் ஒரு அம்மா கேட்டது காதில் விழுந்தது. போடுகிறேன், அம்மா. கடைசியில் போடுகிறேன். அதற்கு முன்னால், தட்டின் மேல் உட்காரப் போகிற முள்ளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசவேண்டும். முள் என்றால் முழு முள் கூட இல்லை, அதன் நுனி. கடுகைவிடச் சிறியது. அது எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள்.

என் சித்தப்பா இந்த ஊரில் மைக் செட் வைத்திருந்தார். வில்லாபுரத்திலிருந்து பெருங்குடி வரைக்கும் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், முளைப்பாரி எது நடந்தாலும் வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது அவர்தான். தை முதல் நாள் நம் ஊர் ஜல்லிக்கட்டு என்றால் முந்தின ராத்திரியே ஆள் வீட்டில் இருக்கமாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் பின்னால் ஓடுவேன். வயர் சுற்றுவது, தட்டை வேட்டித் துணியால் துடைத்துக் கொடுப்பது, முடிந்த தட்டை உறையில் போடுவது என் வேலை. முதல் தட்டு எப்போதும் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அதை வைக்காமல் வேறு தட்டைத் தொடமாட்டார். தென்மாவட்டங்களில் எந்த மைக் செட்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் ரொம்பத் தேய்ந்திருப்பது அந்தத் தட்டாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

கல்யாண வீட்டில் பிள்ளைகள் பலகை மேல் குதிப்பார்கள். முள் தாவும். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கால் ரூபாய்க் காசை எடுத்து, முள்ளைத் தாங்குகிற கையான ஆர்மின் தலையில் வைப்பார். தாவல் நின்றுவிடும். அந்தக் காலத்து நிக்கல் கலந்த கால் ரூபாய் 2.5 கிராம் எடை. அவர் பிளேயரில் முள் பொருத்தியிருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் ஏற்கெனவே 5 கிராம் போல அழுத்தத்தில் ஓடுகிற வகை. காசையும் சேர்த்தால் ஏழரை. இன்றைக்கு ஒரு சாதாரண நல்ல கார்ட்ரிட்ஜ் கேட்பது 2 கிராம்தான். தாலி கட்டுகிற நேரத்தில் பாட்டு நின்றால் பெண் வீட்டார் என்ன பேசுவார்கள் என்று தெரிந்த மனிதர் செய்த காரியம் அது. அதில் நான் குற்றம் காணவில்லை. தட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் காலமான பிறகு தட்டுப் பெட்டி என்னிடம் வந்தது. அதில் ‘திருவிளையாடல்’ கதை வசனத் தட்டு ஒன்று. 1965-ல் வந்த படம். ஏ.பி. நாகராஜன் இயக்கி, நக்கீரராக அவரே நடித்தார். பாடியவர்களில் நம் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் உண்டு. கதையோ நம் சொக்கநாதர் கதை. என் வயதுக்காரர்களுக்கு அந்த வசனம் முழுக்க மனப்பாடம். கொட்டகையில் பார்த்துப் படித்ததைவிடக் குழாயில் கேட்டுப் படித்தவர்கள்தான் அதிகம்.

அந்தத் தட்டை சிடியில் ஏற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். வாங்கி வந்து போட்டால் சிவாஜி சொல்கிற ஒவ்வொரு ‘ச’வும் காய்ந்த சட்டியில் கடுகு போட்ட மாதிரி வெடிக்கிறது. தருமியாக நாகேஷ் புலம்புகிற இடத்தில் குரலே கிழிந்து தொங்குகிறது. “தட்டு தேஞ்சு போச்சுண்ணே, நாங்க என்ன பண்றது?” என்றார்கள். நம்பினேன். காசு வைத்து ஆயிரம் தடவை ஓடிய தட்டு, தேயாமல் எப்படி இருக்கும்? துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

ஆறு வருடம் அது பரணில் கிடந்தது. பிறகு நானே ஒரு பழைய பிளேயர் வாங்கி, பிரித்து மாட்டி, முள்ளை நிமிர்த்தி நிற்கவைத்து, அந்தத் தட்டை வைத்தேன். நாகேஷ் பேசினார். கரகரப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘ச’ ‘ச’வாகவே வந்தது. பேச்சுக்கு நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு காட்சி ஞாபகம் வந்தது. அந்தக் கடை பிளேயரில் கார்ட்ரிட்ஜ் இரண்டு திருகில் நிற்கவேண்டியது ஒரே திருகில் நின்றது. தலை ஒருபக்கமாகத் திரும்பி, கொஞ்சம் சாய்ந்தும் இருந்தது. கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அன்றைக்கு அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை. நான் முப்பது வருடம் லேத்தில் நின்றவன். எனக்கே தெரியவில்லை என்பதுதான் இன்றுவரை மனதில் உறுத்துகிறது.

லேத் வேலை தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். டூலை மாட்டுகிறபோது முதலில் என்ன பார்ப்போம்? நுனி சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். அரை மில்லி கீழே இறங்கியிருந்தால் முகம் எடுக்கும்போது பீஸின் நடுவில் ஒரு குமிழ் நின்றுவிடும். அடியில் தகடு கொடுத்துத் தூக்குவோம். டூலின் சாய்வு மாறினால் வெட்டும் மாறும், பரப்பில் அலை அலையாகக் கோடு விழும். இசைத்தட்டும் லேத்தில்தான் பிறக்கிறது. மூலத்தட்டை வெட்டுகிற எந்திரத்துக்குப் பெயரே லேத். சுழலுகிற தட்டின் மேல் உளி போன்ற ஒரு ஊசி இறங்கி, வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் நகர்ந்து கொண்டே சால் வெட்டுகிறது. பாடகரின் குரல் அந்த உளியை ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் சாலின் சுவரில் நெளிவாகப் பதிகிறது.

சால் என்ற சொல்லை யோசித்துத்தான் சொல்கிறேன். உழுதவர்களுக்குத் தெரியும். ஏர்க்காலை நுகத்தடியில் கட்டுகிற இடத்தை முன்னே பின்னே மாற்றினால் கொழு மண்ணில் இறங்குகிற சாய்வு மாறும். ஆழ உழவா, மேல் உழவா என்பது அந்தக் கட்டில் இருக்கிறது. கொழுவை யாரும் தொடுவதில்லை. தூரத்தில் இருக்கிற கட்டை மாற்றுகிறோம், நுனி தானாக மாறுகிறது. பிளேயரில் ஆர்மின் வால்பக்கத்தை ஏற்றி இறக்குவதும் இதே காரியம்.

இந்தச் சாலின் அளவைச் சொன்னால் நீங்கள் நம்புவது கடினம். நீண்ட நேரம் ஓடுகிற எல்.பி. தட்டில் அதன் அகலம் தலைமுடியைவிடக் குறைவு. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் முள் 730 சுற்றுக்கு மேல் போகிறது. அந்தச் சாலைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். வெளியோரத்தில் முள்ளுக்குக் கீழே தட்டு நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது. உள்வட்டத்துக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். பாட்டு அதே பாட்டுதான், ஆனால் இருக்க இடம் பாதிகூட இல்லை. நொடிக்குப் பத்தாயிரம் தடவை அதிர்கிற ஒரு ஒலி உள்வட்டத்தில் 21 மைக்ரான் நீளத்துக்குள் தன் மேட்டையும் பள்ளத்தையும் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உருண்டை நுனி கொண்ட சாதாரண முள்ளின் ஆரமே ஏறக்குறைய 18 மைக்ரான். அது அந்தப் பள்ளத்துக்குள் எப்படி இறங்கும்? மேட்டிலிருந்து மேட்டுக்கு உரசிக்கொண்டு போய்விடும். கடைசிப் பாட்டில் நாதஸ்வரம் ஏன் பிசிறுகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

நாதஸ்வரம் என்று சொன்னதும் ‘தில்லானா மோகனாம்பாள்’ தட்டைச் சொல்லவேண்டும். 1968. அதில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்கள். முள் சரியாக நின்றதா என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அந்த இரண்டு நாதஸ்வரங்கள்தான். முள் திரும்பியிருந்தால் இரண்டும் குழைந்து ஒரே சத்தமாக வரும். நேராக நின்றால் அண்ணன் எங்கே விட்டார், தம்பி எங்கே பிடித்தார் என்று தெரியும்.

சரி, முள் எந்தெந்த வழியில் கோணலாக நிற்கமுடியும்? முன்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்திருக்கலாம். மேலிருந்து பார்த்தால் திருகிக்கொண்டு நிற்கலாம். பக்கவாட்டில் பார்த்தால் முன்னோக்கியோ பின்னோக்கியோ படுத்திருக்கலாம். மூன்றும் வேறு வேறு நோய்கள்.

திருகலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வெட்டிய உளி நேர்கோட்டில் போனது. நம் ஆர்ம் ஒரு மூலையில் அச்சு வைத்து வட்ட வில்லாகப் போகிறது. வில் நேர்கோட்டோடு முழுக்கப் பொருந்தாது. 1938-ல் லோஃப்கிரென் என்ற சுவீடன்காரரும், 1941-ல் பேர்வால்டு என்பவரும் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தார்கள். ஆர்மின் தலையைக் கொஞ்சம் வளைத்து, முள் நடு அச்சைத் தாண்டிக் கொஞ்சம் நீளும்படி வைத்தால், இரண்டு இடத்தில் மட்டும் முள் சாலுக்கு மிகச் சரியாக நிற்கும். மற்ற இடங்களில் தவறு மிகக் குறைவாக இருக்கும். பேர்வால்டு கணக்குப்படி அந்த இரண்டு இடங்கள் நடுவிலிருந்து 66 மில்லிமீட்டரிலும், 120.9 மில்லிமீட்டரிலும். ஆர்மின் நீளம் 229 மில்லிமீட்டர் என்றால் தலை 24 டிகிரி வளைந்திருக்கவேண்டும், முள் நடு அச்சைத் தாண்டி 18 மில்லிமீட்டர் நீளவேண்டும். ஆர்மின் தலை ஏன் கோணலாக இருக்கிறது, செய்தவன் கை பிசகிவிட்டதா என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். முள் நேராக நிற்கவேண்டும் என்பதற்காகத் தலை வளைந்திருக்கிறது. தாளில் இந்த இரண்டு புள்ளியும் கட்டமும் போட்ட அட்டை ஒன்று போதும், வீட்டிலேயே சரிபார்க்கலாம். நான் வைத்திருப்பது நானே ஸ்கேல் வைத்து வரைந்தது. இதோ.

பக்கச் சாய்வு இதைவிட எளிது. அதை இப்போதே உங்களுக்குக் காட்டுகிறேன். இது முகம் பார்க்கிற கண்ணாடியின் உடைந்த துண்டு. தட்டுக்குப் பதில் இதை வைத்து, ஓடவிடாமல், முள்ளை மெதுவாக இறக்குகிறேன். பத்தர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் என்னிடம் இருக்கிறது. தம்பி, நீ வா. என்ன தெரிகிறது? முள் ஒன்று மேலே, கண்ணாடிக்குள் தலைகீழாக இன்னொன்று கீழே. இரண்டும் சேர்ந்து ஒரே கோடாக இருக்கிறதா, நடுவில் உடைந்து முழங்கை மாதிரி மடங்குகிறதா? மடங்கினால் முள் சாய்ந்திருக்கிறது. கண்ணாடி சாய்வை இரண்டு மடங்காக்கிக் காட்டும், அதனால்தான் கண்ணுக்குப் பிடிபடுகிறது. கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவரைப் பார்க்கிற மாதிரி. அதற்கு முன்னால் பிளேயர் நிற்கிற மேசையே மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். மேசை சாய்ந்திருந்தால் மேலே செய்கிற வேலை எல்லாம் வீண்.

ஸ்டீரியோ தட்டில் சாலின் இரண்டு சுவருக்கும் இரண்டு பாட்டு. நடுவைப் பார்த்த உள்சுவர் இடது காதுக்கு, வெளிச்சுவர் வலது காதுக்கு. முள் ஒருபக்கம் சாய்ந்தால் ஒரு சுவரின் பேச்சு மற்றச் சுவரிலும் கசியும். மோனோ தட்டில் இரண்டு சுவரும் ஒன்றையே சொல்கின்றன. அதை வைத்து ஒரு சோதனை உண்டு, கடைசியில் செய்து காட்டுகிறேன்.

முன்பின் சாய்வுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் சண்டை நடக்கிறது, எனக்கும் சொல்ல அதிகம் இருக்கிறது.

ஆதியில் இந்தச் சண்டையே கிடையாது. 1902-ல் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்த நாளிலிருந்து நாற்பதுகள் வரைக்கும் நம் ஊரில் ஓடியது அரக்குத் தட்டு, எஃகு ஊசி. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் பாடி வெளிவந்த முதல் தட்டும் அரக்குத் தட்டுதான். அரக்கோடு கல்மாவு கலந்திருப்பார்கள். எதற்கு? ஊசியைத் தேய்ப்பதற்கு. ஊசி இறங்கிய முதல் சில சுற்றிலேயே கல்மாவு அதை அரைத்து, சாலின் வடிவத்துக்குத் தகுந்த மாதிரி ஆக்கிவிடும். கோணத்தை மனிதன் வைக்கவில்லை, தட்டே வைத்துக்கொண்டது. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று கம்பெனிக்காரன் டப்பாவில் அச்சடித்துக் கொடுத்தான். நம் வீடுகளில் சிக்கனம் பார்த்து ஊசியைக் கழற்றி, திருப்பி மாட்டி, இன்னும் நாலு பக்கம் ஓட்டினார்கள். ஒரு கோணத்தில் தேய்ந்து உளி ஆகிப்போன ஊசி, இன்னொரு கோணத்தில் இறங்கினால் என்ன செய்யும்? உழும். எத்தனையோ கிட்டப்பா தட்டுகளும் பாகவதர் தட்டுகளும் அப்படி உழப்பட்டவை. உங்கள் வீட்டில் சாம்பல் நிறமாக வெளுத்துப்போன அரக்குத் தட்டு இருந்தால், அந்த வெளுப்பு ஊசி அள்ளிப்போட்ட சுவர்.

1948-ல் எல்.பி. வந்தது. வினைல் மெதுவானது, ஊசியைத் தேய்க்காது. வைரமோ செயற்கை நீலக்கல்லோ நுனியில் வந்தது. அன்றிலிருந்து கோணத்துக்கு மனிதன் பொறுப்பு. 1957, 58-ல் ஸ்டீரியோ வந்ததும் இன்னொரு சிக்கல். ஸ்டீரியோவில் உளி பக்கவாட்டில் மட்டும் ஆடாமல் மேலும் கீழும் ஆடுகிறது. அது மேலே எங்கோ ஒரு இடத்தில் ஊன்றி ஆடுவதால், நேர் மேலே கீழே போகாமல் கொஞ்சம் சாய்ந்தே போய்வரும். படிக்கிற முள்ளும் தன் தண்டில் அதே சாய்வில் ஏறி இறங்கினால்தான் பதிந்தது பதிந்தபடி வரும். முதலில் 15 டிகிரி என்று பேசி முடிவுசெய்தார்கள், பிற்பாடு அது 20 ஆனது. அதாவது உங்கள் பெட்டியில் இருக்கிற எல்லாத் தட்டுக்கும் பொருந்துகிற ஒரே கோணம் என்று ஒன்று இல்லவே இல்லை. தமிழில் ஸ்டீரியோவில் பாட்டுப் பதிவான முதல் படம் என்று 1978-ல் வந்த ‘பிரியா’வைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வந்த நம் படத் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. மோனோ தட்டில் மேல் கீழ் ஆட்டம் பதியவில்லை. அதனால் முன்பின் சாய்வில் ஒரு டிகிரி இப்படி அப்படி இருந்தாலும் பெரிய சேதம் இல்லை. திருகலும் பக்கச் சாய்வும்தான் அங்கே கெடுக்கும். என் ‘திருவிளையாடல்’ தட்டைக் கெடுத்ததும் அந்த இரண்டும்தான்.

நுனியின் வடிவத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். உருண்டை நுனிக்கு முன்பின் சாய்வு அவ்வளவு தெரியாது, பந்தை எப்படி உருட்டினாலும் பந்துதான். ஜப்பானில் 1962-ல் வானொலிக்காகச் செய்த டெனான் டி.எல். 103 இன்றைக்கும் உருண்டை நுனிதான், இன்றைக்கும் விற்கிறது. ஆனால் நீள்வட்ட நுனி, ஷிபாட்டா நுனி போன்றவை சுவரில் ஒரு கோடாகப் படிகின்றன. அந்தக் கோடு தட்டுக்குச் செங்குத்துக்கும் ஒரு சிட்டிகை மேலே, 92 டிகிரி வாக்கில் நிற்பது நல்லது என்பது பலர் சோதித்துச் சொன்ன கணக்கு. ஆர்மின் வால்பக்கம் இறங்கியிருந்தால் கோடு பின்னால் படுக்கும், பாட்டு மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். வால்பக்கம் ரொம்ப ஏறினால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் குத்தும், மிருதங்கத்தின் வலந்தலை தகரம் ஆகிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. ஆர்ம் 230 மில்லிமீட்டர் நீளம் என்றால், முள்ளின் சாய்வை ஒரு டிகிரி மாற்ற வால்பக்கத்தை எவ்வளவு தூக்கவேண்டும்? 4 மில்லிமீட்டர். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மார்க் 2 போன்ற பிளேயரில் அதற்கென்றே அளவு போட்ட திருகுவளையம் இருக்கிறது, முழுக்க ஏற்றினாலும் 6 மில்லிமீட்டர்தான், அதாவது ஒன்றரை டிகிரி. வளையம் இல்லாத பிளேயரில் கார்ட்ரிட்ஜுக்கும் தலைக்கும் நடுவே தகடு கொடுக்கலாம், நாம் டூலுக்கு அடியில் கொடுக்கிற மாதிரியே. மெல்லிய தட்டிலிருந்து கனமான தட்டுக்கு மாறினால் உயர வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. சாய்வில் அது கால் டிகிரிக்கும் கீழே. தட்டுக்குத் தட்டு ஆர்மை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொறுமையை மதிக்கிறேன், ஆனால் என் நேரத்தை நான் அதில் செலவிடமாட்டேன். நம் பரண்களில் இருக்கிற தட்டுகள் முக்கால்வாசி வெயிலில் வளைந்தவை. வளைந்த தட்டில் முள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குகிறது, கோணமும் கூடவே ஏறி இறங்குகிறது. நூலளவுக்குச் சரிபார்ப்பதைவிடத் தட்டைக் கழுவி, இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து நிமிர்த்துவது முந்தின வேலை.

வெயில் என்று சொன்னேன். இதை எந்தக் கையேட்டிலும் மதுரைக்காரனுக்காக எழுதிவைக்கவில்லை, நானே பட்டுத் தெரிந்துகொண்டது. முள்ளைத் தாங்குகிற தண்டு ஒரு சின்ன ரப்பர் வளையத்தில் ஊன்றி நிற்கிறது. அந்த ரப்பர் 20, 23 டிகிரி சூட்டில் வேலை செய்வதற்கென்று செய்தது. சித்திரையில் நம் வீட்டுக்குள் பகல் மூன்று மணிக்கு என்ன சூடு? ரப்பர் இளகும், தண்டு தாழும், கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டை நோக்கி இறங்கும். மார்கழியில் அதே எடைக்கு அதே முள் நிமிர்ந்து நிற்கும். நான் கோணம் வைப்பது விடியற்காலையில், அழகர் ஆற்றில் இறங்குகிற மாதத்தில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை. அழுத்தத்தை நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரியான சின்ன எடைக்கருவியில் பார்க்கிறேன். எடையை முதலில் வைத்துவிட்டுத்தான் சாய்வைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் எடை மாறினால் தண்டு தாழ்ந்து சாய்வும் மாறிவிடும். மாற்றிச் செய்தால் இரண்டு வேலையையும் திரும்பச் செய்யவேண்டிவரும்.

இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்கலாம். அந்தப் பாட்டெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்பார்கள். சினிமாப் பாட்டில் பெரும்பாலானவை கிடைக்கின்றன, சரிதான். ஆனால் சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போல வாழ்நாள் முழுக்கத் தட்டு சேர்த்தவர்கள் கையில் இருப்பவை எத்தனையோ வேறெங்கும் இல்லை. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி ரயிலேறி மதுரைக்கு வந்த தட்டுகளில் நாடகப் பாட்டு, நையாண்டி மேளம், ஊர்ப்பேச்சு, மேடைப்பேச்சு என்று எவ்வளவோ உண்டு. மூலத்தட்டு அழிந்துபோயிருக்கும். மிஞ்சியது மைக் செட்காரர் பெட்டியிலும் செட்டிநாட்டு வீட்டுப் பெட்டகத்திலும் இருக்கிற ஓட்டிய தட்டுதான். அதைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் ஒருமுறைதான் ஏற்றுவார்கள். ஏற்றியபின் தட்டை எடைக்குப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு முள் கோணலாக நின்றிருந்தால், அந்தக் கோணல்தான் இனிப் பாடகரின் குரல். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று எவ்வளவு உயர்ந்த அளவில் ஏற்றினாலும் கோணலைத்தான் உயர்ந்த அளவில் ஏற்றியிருப்பார்கள்.

தேய்ந்த தட்டுக்கும் வழி உண்டு. சித்தப்பாவின் உருண்டை முள் சுவரில் ஒரு உயரத்தில்தான் உரசித் தேய்த்திருக்கிறது. அதற்கு மேலேயும் கீழேயும் சுவர் புதிதாகவே இருக்கலாம். வேறு அளவு நுனியை, வேறு வடிவ நுனியை நேராக நிறுத்தி இறக்கினால் அது தேயாத இடத்தைத் தொடும். அரக்குத் தட்டுக்கு 65, 75 மைக்ரான் ஆரமுள்ள தடித்த நுனி வேண்டும், எல்.பி. முள்ளை அதில் வைத்தால் சாலின் அடியில் கிடக்கிற குப்பையைத்தான் படிக்கும். ஒலி ஆவணம் காப்பவர்கள் ஒரே தட்டுக்கு நாலைந்து நுனியை மாற்றிப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். நாமும் செய்யலாம். ஒரு நுனி கெட்டது என்று சொன்னால் தட்டு கெட்டது என்று அர்த்தமில்லை.

விமானம் இறங்குகிறது, சத்தம் அடங்கட்டும்.

சரி. இது அந்த ‘திருவிளையாடல்’ தட்டு. மோனோ. இரண்டு சுவரும் ஒரே வசனத்தைச் சொல்கின்றன. நான் ஒருபக்க வயரை மட்டும் தலைகீழாக மாற்றிக் கட்டி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்று ‘ஆம்’ என்றால் மற்றது ‘இல்லை’ என்று சொல்லும். முள் நேராக நின்றால் இரண்டு குரலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும். மிஞ்சுவது தூசியும் தேய்மானமும் மட்டும். முதலில் வேண்டுமென்றே கார்ட்ரிட்ஜைச் சாய்த்து வைத்திருக்கிறேன். கேளுங்கள். தருமி நன்றாகவே கேட்கிறார், இல்லையா? பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் பேசுகிற மாதிரி. இப்போது இந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புகிறேன். குரல் இறங்குகிறது. இன்னும் கொஞ்சம். இன்னும். இப்போது பாருங்கள், நாகேஷ் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டார். முழுக்க மறையமாட்டார், கார்ட்ரிட்ஜின் இரண்டு பக்கத் திறனும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. இந்தக் கரகரப்பு மட்டும் ஓடுகிறது பாருங்கள், இதுதான் சித்தப்பாவின் கால் ரூபாய்.

இந்த இடத்தில் திருகை முடுக்கிவிடுகிறேன். வயரை இருந்தபடி மாற்றிக் கட்டுகிறேன். தம்பி, அந்த லென்ஸை மேசை மேல் வை. பின்னால் இருக்கிற அம்மா, இப்போது முன்னால் வாருங்கள்.